மலை ஒண்ணு, கோடு பல

எங்க ஜவ்வாதுமலை ஒரே மலைதான். ஆனா அரசாங்கக் கணக்குல அது மூணு மலை. ஜமுனாமரத்தூரைச் சுத்தி இருக்கிற ஊர்கள் திருவண்ணாமலை மாவட்டம். மேற்கே புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு மூணும் திருப்பத்தூர் மாவட்டம். வடக்கே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கமெல்லாம் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஒன்றியம். மூணு பக்கமும் அதே சாமை, அதே கேழ்வரகு, அதே புளியமரம். பொண்ணு கொடுக்கிறது எடுக்கிறது எல்லாம் நமக்குள்ளதான். ஆனா எங்க பக்கத்து ஆளுக்கு ஒரு கலெக்டர், சம்பந்தி வீட்டுக்கு இன்னொரு கலெக்டர்.

புளி வாங்க வர்ற கீழ்நாட்டு வியாபாரிங்க பேச்சுவாக்குல கேட்பாங்க: "இவ்வளவு பெரிய மலை, இத்தனை சனம், உங்களுக்குன்னு ஒரு எம்.எல்.ஏ. கிடையாதா?" கிடையாது. ஏன் கிடையாதுன்னு ஒரு வரியில சொல்ல முடியல. அரசாங்கம்னா கோட்டையில உக்காந்து உத்தரவு போடறதுன்னு நினைக்கிறோம். அதுக்கும் முன்னாடி யாரோ ஒருத்தர் வரைபடத்துல கோடு போடறார். அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நாம இருக்கோம்ங்கிறதை வச்சுத்தான் நம்ம ஓட்டுக்கும் மனுவுக்கும் நிலத்துக்கும் மதிப்பு. எங்க மலை மேல அப்படி எத்தனை கோடு விழுந்திருக்கு, யார் போட்டதுன்னு எனக்குத் தெரிஞ்சவரை எழுதறேன்.

ஆட்சி எங்களுக்கு எப்பவுமே கீழேதான் இருந்திருக்கு. சங்க காலத்துல இந்தச் சுத்துவட்டாரம் பல்குன்றக் கோட்டம். ராஜா நன்னன், தலைநகரம் செங்கண்மா, இன்னிக்குச் செங்கம். அவனைப் பத்தித்தான் பெருங்கௌசிகனார் மலைபடுகடாம் பாடினார். பாட்டு முழுக்க கூத்தர் கூட்டம் மலை வழியா நடந்துபோகுது, வழியில மலைச்சனம் சோறு போட்டு அனுப்புது, போய்ச் சேர்ற இடம் கீழே ராஜாவோட வாசல். ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு, மனு எடுத்துக்கிட்டு நாங்க போற திசை மாறல.

மலைக்குள்ள நடந்த ஆட்சி வேற. ஊருக்கு ஒரு ஊர்க்கவுண்டர், பல ஊர் சேர்ந்தா ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு பெரியவர். கல்யாணத் தகராறு, நில வரப்பு, கோயில் திருவிழா எல்லாம் அங்கேயே முடியும். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடுன்னு இன்னிக்கும் அரசுப் பதிவேட்டில் இருக்கிற பேருங்க அந்தக் காலத்துப் பிரிவுதான். எங்க ஒன்றியத்துல ஊர்கவுண்டனூர்னே ஒரு ஊராட்சி இருக்கு. அந்த ஆட்சியை நான் தங்கம்னு சொல்ல வரல. பொம்பளைங்களுக்கு அந்தக் கூட்டத்துல பேச இடமில்லை. ஆனா தீர்ப்பு சொல்ற ஆள் நம்ம கண்ணு முன்னாடி இருந்தார், அவரைத் தேடி ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டியதில்லை.

நாங்க மலைக்கு வந்த கதையும் ஒரு விதத்துல ரெக்கார்டு கதைதான். வெள்ளைக்காரங்க எழுதின வடாற்காடு மாவட்டக் கையேட்டில இது இருக்கு. காஞ்சிபுரத்து வேளாளர் வீட்டுப் பொண்ணுங்க ஏழு பேரைக் கங்குந்தி வேடருங்க தூக்கிட்டுப் போறாங்க. மீட்க ஏழு ஆம்பளைங்க ஏழு நாயோட கிளம்பறாங்க. "நாய் மட்டும் திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு வச்சுக்கங்க" என்று பொண்டாட்டிங்ககிட்ட சொல்லிட்டுப் போறாங்க. பாலாத்துல வெள்ளம். நாயெல்லாம் வீட்டுக்கு ஓடி வந்துடுது. பொண்டாட்டிங்க தாலியை அறுத்துக் காரியமும் பண்ணிடறாங்க. ஆளுங்க உசுரோட திரும்பி வந்து பார்த்தா அவங்க கணக்குல இல்லை. சாதியிலயும் சேர்க்கல. அதனால வேடர் பொண்ணுங்களைக் கட்டிக்கிட்டு இந்த மலையில குடியேறினாங்களாம். கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனா உசுரோட நிக்கிறவனைப் பார்த்து "உன் பேர் லிஸ்ட்ல இல்லையே" என்று சொல்றது எங்க சனத்துக்கு அன்னிக்கே பழகிப்போனது என்று நான் விளையாட்டா சொல்லிக்குவேன்.

மலை மேல விழுந்த முதல் பெரிய கோடு 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம். ஒரு காட்டைக் காப்புக்காடு ஆக்கணும்னா அரசு அறிவிக்கும். உரிமை இருக்கிறவங்க குறிச்ச கெடுவுக்குள்ள, குறைஞ்சது மூணு மாசம், வந்து எழுத்துல கோரணும். சட்டப்படி பார்த்தா நியாயமாத்தான் தெரியும். ஆனா காட்டை வெட்டி எரிச்சு ரெண்டு வெள்ளாமை எடுத்துட்டு அடுத்த இடம் போற, கையெழுத்தே போடத் தெரியாத சனம் எந்த அலுவலகத்துல போய் எந்த நிலத்தை எழுதிக் கொடுக்கும்? கல் நட்டாங்க, கோடு விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலங்காலமா விதைச்சவன் ஆக்கிரமிப்பாளன் ஆனான். சந்தன மரமும் அப்படித்தான். ஜவ்வாதுமலைச் சந்தனத்துக்குத் திருப்பத்தூர்ல அரசாங்கக் கிடங்கே இருக்கு. என் பட்டா நிலத்துல தானா முளைச்சாலும் என் இஷ்டத்துக்கு வெட்டி விக்க முடியாது.

இந்த வனக்கோடு அரசாங்கத்தையே ரெண்டாப் பிரிச்சுது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வருவாய்த்துறை: வி.ஏ.ஓ., தாசில்தார், கோட்டாட்சியர், கலெக்டர். அந்தப் பக்கம் வனத்துறை: காவலர், வனவர், ரேஞ்சர், மாவட்ட வன அலுவலர். கலெக்டர் சரின்னு சொன்னாலும் வன அலுவலர் சரின்னு சொல்லணும். 1976ல 42ஆவது திருத்தம் வந்து காட்டை மாநிலப் பட்டியல்ல இருந்து பொதுப் பட்டியலுக்கு மாத்திட்டாங்க. 1980ல வனப் பாதுகாப்புச் சட்டம். அதுக்கப்புறம் காட்டு நிலத்தை வேற காரியத்துக்கு எடுக்க மாநிலம் மட்டும் நினைச்சாப் போதாது, டெல்லியும் தலையாட்டணும். எங்க ஊருக்கு ரோடு ஏன் வரலன்னு கேட்டா ஆளுங்கட்சிக்காரர் எதிர்க்கட்சியைச் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் ஆளுங்கட்சியைச் சொல்வார். ரெண்டு பேரும் இந்தக் கோட்டைச் சொல்ல மாட்டாங்க.

அடுத்தது மாவட்டக் கோடு. இதுல எனக்கே ஆச்சரியமா இருந்த ஒரு விஷயம் உண்டு. 1911க்கு முன்னாடி திருப்பத்தூர் தாலுகா சேலம் ஜில்லாவுல இருந்தது. திருவண்ணாமலை தென்னார்க்காட்டுல. போளூரும் வேலூரும் வடாற்காட்டுல. அதாவது அன்னிக்கும் மலையைச் சுத்தி மூணு ஜில்லா. 1911ல திருப்பத்தூரையும் திருவண்ணாமலையையும் வடாற்காட்டோட சேர்த்தாங்க. அதுல இருந்து 78 வருஷம் மலை முழுக்க ஒரே ஜில்லா, ஒரே கலெக்டர். 1989 செப்டம்பர் 30ஆம் தேதி வடாற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர்னு ரெண்டாப் பிரிச்சாங்க. 2019 சுதந்திர தினத்துல அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கோட்டையில பேசும்போது வேலூரை மூணாப் பிரிக்கறோம்னு அறிவிச்சார். நவம்பர் 28ஆம் தேதி திருப்பத்தூர் மாவட்டம் பிறந்தது. நூத்தியெட்டு வருஷத்துக்கு அப்புறம் நாங்க மறுபடியும் மூணு துண்டு.

மாவட்டத்தைப் பிரிக்கறதுக்கு நாடாளுமன்றம் போக வேண்டியதில்லை, மாநில அரசோட ஆணையே போதும். தப்புன்னும் சொல்ல மாட்டேன். புதூர்நாட்டுச் சனம் ஒரு சர்டிபிகேட்டுக்காக வேலூர் வரைக்கும் போயிட்டு இருந்தது, இப்ப திருப்பத்தூரோட முடியுது. அலுவலகம் கிட்ட வந்தது நல்லதுதான். ஆனா பிரிக்கும்போது கணக்குல எடுத்துக்கிட்டது கீழே இருக்கிற டவுன்களை. மலை ஒரே மலைன்னு யாரும் வாதாடல. வாதாட எங்களுக்குன்னு சட்டசபையில ஆள் இல்லை.

அந்தப் பிரிவினை உடனே என்ன பண்ணுச்சுன்னா, 2019 டிசம்பர் 27, 30 தேதிகள்ல தமிழ்நாட்டுல ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எல்லா மாவட்டத்துலயும் இல்லை. புதுசாப் பிரிச்ச ஒன்பது மாவட்டத்துக்கு வார்டு மறுவரையறை முடியலன்னு தள்ளி வச்சாங்க. வேலூரும் திருப்பத்தூரும் அதுல சேர்த்தி. ஜமுனாமரத்தூர் பக்கம் நாங்க நாலு கலர்ல நாலு சீட்டு வாங்கி ஓட்டுப் போட்டோம். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நெல்லிவாசல் பக்கமும் பீஞ்சமந்தைப் பக்கமும் 2021 அக்டோபர் வரைக்கும் காத்திருந்தாங்க. ஒரே மலையில ஒரு பக்கம் தலைவர் இருக்கார், இன்னொரு பக்கம் இல்லை.

அதுக்கு முந்தின கதை இன்னும் வேடிக்கை. 2016 அக்டோபர் 17, 19ல உள்ளாட்சித் தேர்தல்னு அறிவிச்சிருந்தாங்க. பழங்குடியினருக்குச் சரியா இட ஒதுக்கீடு செய்யலன்னு தி.மு.க. தரப்புல உயர் நீதிமன்றம் போனாங்க. அக்டோபர் 4ஆம் தேதி நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து பண்ணிடுச்சு. எங்களைச் சொல்லித் தொடுத்த வழக்கு. முடிவுல எங்களுக்கும் தேர்தல் இல்லை, ஊருக்கே தேர்தல் இல்லை. மூணு வருஷத்துக்கு மேல தமிழ்நாட்டுல எந்த ஊராட்சியிலயும் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. தனி அலுவலர் ஆட்சி. அதுல எந்தக் கட்சி அவசரப்பட்டது, எந்தக் கட்சி அசட்டையா இருந்ததுன்னு நான் பட்டிமன்றம் நடத்த வரல. பழங்குடி பேர் கோர்ட்டுல அடிபட்டது, மலைக்கு வந்து கேட்டவங்க யாரும் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

ஊராட்சித் தலைவர்னா என்ன அதிகாரம்னு சிலர் சிரிப்பாங்க. மலையில வந்து பார்க்கணும். கட்சிச் சின்னம் இல்லாம, பூட்டு சாவி, ஆட்டோன்னு ஏதாவது ஒரு சின்னத்துல ஜெயிச்சு வர்றவர். தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஊராட்சிப் பணம் வெளிய வரும். போர் மோட்டார் ரிப்பேர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாத்துக்கும் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்ட ஒரு ஆள். தனி அலுவலர் காலத்துல அந்தக் கையெழுத்து வட்டார வளர்ச்சி அலுவலர்கிட்ட போயிடும். எங்க ஒன்றியத்துல 11 ஊராட்சி, அதுக்கடியில சிதறிக் கிடக்கிற குக்கிராமங்கள். ஒரு அதிகாரி எத்தனை கதவுக்குப் பதில் சொல்வார்? அவர் நல்லவராவே இருந்தாலும் அவருக்கு மேல இருக்கிறவருக்குத்தான் அவர் பயப்படணும், எங்களுக்கு இல்லை. 2025 ஜனவரி 5ஆம் தேதியோட 2019ல ஜெயிச்சவங்க காலம் முடிஞ்சுது. எங்க பக்கம் மறுபடி தனி அலுவலர். 2021ல ஜெயிச்ச நெல்லிவாசல், பீஞ்சமந்தைப் பக்கம் தலைவருங்க பதவியில தொடர்ந்தாங்க. மறுபடியும் அதே கூத்து, இந்தத் தடவை பக்கம் மட்டும் மாறிப்போச்சு.

இப்ப அந்த வியாபாரி கேட்ட கேள்விக்கு வர்றேன். தமிழ்நாட்டுச் சட்டசபையில 234 இடம். 118 பேர் கையில இருந்தா ஆட்சி. அதுல பழங்குடியினருக்கு ஒதுக்கினது ரெண்டே ரெண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். 2006 தேர்தல் வரைக்கும் பச்சைமலைப் பக்கம் உப்பிலியாபுரமும் சேர்ந்து மூணு இருந்தது. 2008ல அமலுக்கு வந்த தொகுதி மறுவரையறையில உப்பிலியாபுரம் காணாமப் போச்சு. சேர்வராயன் மலை, கொல்லிமலை ரெண்டுக்கும் எங்க சனமே தனித்தொகுதி எம்.எல்.ஏ. அனுப்புது. ஜவ்வாதுமலைக்கு இல்லை. எங்க ஒன்றியம் கலசபாக்கம் பொதுத் தொகுதியில போய்ச் சேருது. வேலூர் பக்கத்து மலை அணைக்கட்டு தொகுதியில போய்ச் சேருது. ரெண்டு இடத்துலயும் பெரும்பான்மை ஓட்டு கீழ்நாட்டுலதான்.

இதுல கணக்கு எப்படின்னா, அரசியலமைப்புச் சட்டம் 332ஆவது பிரிவு, மாநில மக்கள்தொகையில பழங்குடியினர் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீத இடம். 2001 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல பழங்குடியினர் சுமார் 6.5 லட்சம், அதாவது நூத்துக்கு ஒண்ணு சொச்சம். 234 இடத்துக்குப் பிரிச்சா 2.44 வரும். முழு எண்ணாக்கினா ரெண்டு. 2011 கணக்கெடுப்புல 7.95 லட்சம் ஆச்சு. அதே கணக்கைப் போட்டா 2.58. முழு எண்ணாக்கினா மூணு! ஆனா 2011 கணக்கை வச்சுத் தொகுதி வரைய மாட்டாங்க, சட்டத்துல இடமில்லை. அடுத்த தடவை 2026க்கு அப்புறம் வர்ற முதல் கணக்கெடுப்பை வச்சுத்தான். இதெல்லாம் மறுவரையறை ஆணையம் செய்யற வேலை. அது போட்ட கோட்டைக் கோர்ட்டுல கேள்வி கேட்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது, சட்டசபையாலயும் மாத்த முடியாது.

2025 மார்ச் 22ஆம் தேதி சென்னையில முதல்வர் ஸ்டாலின் பல மாநிலத் தலைவர்களைக் கூட்டி, மக்கள்தொகையை மட்டும் வச்சு எம்.பி. இடத்தைப் பங்கு போட்டா தமிழ்நாட்டோட குரல் சுருங்கிடும்னு கூட்டம் போட்டார். நியாயமான பயம். டி.வி.யில பார்த்துட்டு எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் சொன்னார்: "டெல்லியில தமிழ்நாட்டுக்கு இனிமே வரப்போறது, சென்னையில நமக்கு எப்பவோ வந்துடுச்சுடா தம்பி." தலையை எண்ணித்தான் பலம்னு வச்சா, கம்மியா இருக்கிறவன் எங்க போய்ப் பேசறது? தமிழ்நாடு டெல்லியைப் பார்த்துக் கேக்கிற இந்தக் கேள்வியை மலை சென்னையைப் பார்த்துக் கேக்கலாமா கூடாதா?

தலை எண்ணிக்கை கம்மியா இருக்கிற இடத்துக்குன்னே அரசியலமைப்புல வேற ஒரு வழி வச்சிருக்காங்க. அது ஐந்தாவது அட்டவணை. பழங்குடியினர் அதிகமா வாழற பகுதியைக் குடியரசுத் தலைவர் பட்டியல் பகுதின்னு அறிவிக்கலாம். 1996ல வந்த பெசா சட்டம் அந்தப் பகுதிகள்ல கிராம சபைக்குத் தனி அதிகாரம் கொடுக்குது. அங்க கிராமம்னா பெரிய ஊராட்சி இல்லை, ஒரு குக்கிராமமே கிராமம். நாட்டுல பத்து மாநிலத்துல இது இருக்கு. பக்கத்து ஆந்திராவுல இருக்கு, தெலங்கானாவுல இருக்கு. தமிழ்நாட்டுல ஒரு அடி நிலம்கூட பட்டியல் பகுதி கிடையாது. பகுதி கச்சிதமா, நிர்வாகம் பண்ற அளவு இருக்கணும்ங்கிறதும் பார்க்கிற விஷயங்கள்ல ஒண்ணு. ஜவ்வாதுமலை ஒன்றியம் மட்டும் எடுத்தாலே பெரும்பான்மை பழங்குடியினர்தான். ஆனா மாநில அரசு கேட்டு எழுதணும். எந்தக் கட்சி ஆட்சியிலயும் எழுதி இதுவரை ஒரு அங்குலம் நகரல.

யார் பழங்குடிங்கிறதும் ஒரு கோடுதான். அந்தப் பட்டியலைத் திருத்த நாடாளுமன்றத்தால மட்டும்தான் முடியும். பட்டியல்ல 'மலையாளி'ன்னு எங்க சனத்தைப் போட்டிருக்காங்க, ஆனா அடைப்புக்குறிக்குள்ள மாவட்டங்களோட பேர். பழைய வடாற்காடு அதுல இருந்ததால நாங்க எஸ்.டி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில இருக்கிற எங்க ஆளுங்க எஸ்.டி. இல்லை, ஏன்னா அது முன்னாடி கோயம்புத்தூர் மாவட்டம், அந்தப் பேர் பட்டியல்ல இல்லை. அதே பேச்சு, அதே சாமி. மலை மாறினா சாதிச் சான்றிதழும் மாறுது. பல வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. மாவட்டக் கோடு எவ்வளவு தூரம் போய் அடிக்கும்ங்கிறதுக்கு இதைவிட உதாரணம் எனக்குக் கிடைக்கல.

நிலத்துக்கு வர்றேன், ஏன்னா கடைசியில எல்லாம் அங்கதான். 2006ல வன உரிமைச் சட்டம் வந்தது. 1882ல நடந்த அநியாயத்தைச் சரி பண்ணத்தான் இந்தச் சட்டம்னு அதோட முன்னுரையிலயே கிட்டத்தட்ட ஒத்துக்கிட்டாங்க. 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி இருந்து காட்டு நிலத்துல பயிர் வைக்கிற பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரைக்கும் உரிமை. கிராம சபை வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும், குழு நிலத்தைப் பார்க்கும், கிராம சபை தீர்மானம் போடும், கோட்ட அளவுக் குழு, அப்புறம் கலெக்டர் தலைமையில மாவட்டக் குழு. எழுதிப் பார்த்தா எவ்வளவு அழகு! ஆனா தமிழ்நாட்டுல 2008லயே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது, கோர்ட்டைக் கேட்காம உரிமைப் பத்திரம் கொடுக்கக் கூடாதுன்னு. 2016ல உச்ச நீதிமன்றத்துல அந்தத் தடை நீங்கறதுக்குள்ள எட்டு வருஷம் போச்சு. சட்டம் போட்டது நாடாளுமன்றம், நிறுத்தினது கோர்ட்டு, வேகம் காட்டாம இருந்தது நிர்வாகம். மூணு தூணும் சேர்ந்து ஒரு சாமைக்காட்டைத் தாங்கிப் பிடிச்சுது.

எங்க அப்பா உழுத ஒண்ணரை ஏக்கருக்கு நானும் மனு கொடுத்தேன். ஒரு அலுவலகத்துல "பழைய ஆவணம் எதாவது இருக்கா?" என்று திருப்பிக் கொடுத்துட்டாங்க. சட்ட விதியில வேற மாதிரி இருக்குன்னு அப்புறம்தான் ஒரு வக்கீல் எடுத்துக் காட்டினார். மலையில எவன் பத்திரம் வச்சிருப்பான்னு சட்டத்துக்கே தெரியும். மனு போட்டவரைத் தவிர வேற ஊர்ப் பெரியவங்க சொல்றதை எழுதி வாங்கினா அதுவும் ஆதாரம். நிலத்துல இருக்கிற வரப்பு, கல்கட்டு, கிணறு, சமாதி இதெல்லாமும் ஆதாரம். ஒண்ணு மட்டும் போதாது, ரெண்டு வகை ஆதாரமாவது வேணும். மலைப்பக்கம் இதைப் படிக்கிறவங்க இருந்தா குறிச்சு வச்சுக்கங்க. பெரியவங்க உசுரோட இருக்கும்போதே எழுதி வாங்கிடுங்க. என் மனு மறுபடி போயிருக்கு. பார்ப்போம்.

இந்தச் சட்டத்துல ரோட்டுக்கும் வழி இருக்கு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு மாதிரி 13 வசதிக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் கம்மியா, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டாம இருந்தா, கிராம சபை பரிந்துரை பண்ணினா, மாவட்ட வன அலுவலரே அனுமதி கொடுக்கலாம். டெல்லி போக வேண்டாம். அதனால கிராம சபைத் தீர்மானம்ங்கிறது சும்மா டீ பிஸ்கட் கூட்டம் இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கு.

2023 மே மாசம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடிச்சுது. ரோடு இல்லாததால ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரமாகிக் குழந்தை போயிடுச்சு. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியிலயே நின்னுடுச்சு, அந்தத் தாய் பிள்ளையோட உடலைக் கையில ஏந்திக்கிட்டு மலையேறினாங்க. நாடே பார்த்துச்சு. அதிகாரிங்க ஏறி வந்தாங்க, அளந்தாங்க. நிலம் காடாச்சே, எந்தத் துறை, எந்த அனுமதின்னு கோப்பு நகர ஆரம்பிச்சுது. அந்தப் பாதை வருஷக்கணக்கா அங்கேயேதான் இருந்தது. கோப்பு நகர ஒரு பிள்ளை போக வேண்டியிருந்தது.

இன்னொரு கோட்டையும் சொல்லியாகணும், மாநில எல்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவுல சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்டப் போனாங்கன்னு 20 பேரை அந்த மாநிலப் போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு. அத்தனை பேரும் தமிழ்நாட்டுக்காரங்க. பாதிக்கு மேல எங்க திருவண்ணாமலை மாவட்டம், அதுல ஜவ்வாதுமலை ஆளுங்களும் உண்டு. அப்போ முதல்வரா இருந்த ஓ. பன்னீர்செல்வம் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். குடும்பங்களுக்கு நிவாரணம் அறிவிச்சார். எல்லாக் கட்சிக்காரங்களும் மாலையோட வந்தாங்க. போலீஸ் மாநிலப் பட்டியல்ல இருக்கிற விஷயம். ஒரு மாநில அரசு இன்னொரு மாநிலப் போலீஸைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது, கடிதம்தான் எழுத முடியும். ஆளுங்க ஏன் அங்க போனாங்கன்னு கேட்டா, கொஞ்சம் மேலே நான் எழுதின வனக்கோட்டையும் நிலத்தையும் மறுபடி படிக்கலாம். சொந்தக் காட்டுல விதைக்க உரிமை இல்லாதவன் அடுத்தவன் காட்டுல கூலிக்குக் கோடாலி தூக்கினான். அதைச் சரின்னு நான் சொல்லல. தரகர் மாட்டல, செத்தது கூலிக்காரன்.

இப்ப எல்லாக் கோட்டையும் மறுபடி போடற நேரம் வருது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஆம் தேதியைக் கணக்கு நாளா அரசிதழ்ல போட்டாச்சு. அதுல வர்ற எண்ணிக்கைதான் தனித்தொகுதி ரெண்டா மூணான்னு முடிவு பண்ணப் போகுது, மூணாச்சுன்னா எந்த மலைக்குங்கிறதையும். எங்க சனத்துல நிறையப் பேர் பிழைப்புக்காகத் திருப்பூர், கேரளா, கர்நாடகா தோட்டங்கள்ல கிடக்காங்க. அங்க எண்ணினா அந்த ஊர்க் கணக்கு. மார்ச் 1ங்கிறது இங்க புளி உலுக்கற நேரம். புளி நல்லாக் காய்ச்சா ஆளுங்க ஊருக்கு வருவாங்க.